நெருப்பை உள்ளே வைப்பது எப்படி? அடர் துகள் கற்றைகள் பற்றிச் சேலத்தில் கேட்ட கேள்விகள்

சேலத்தில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் கற்பிக்கிறேன். கோடை விடுமுறையில் ஏற்காட்டில் ஒரு மரத்தடியில் மாணவர்களுக்கும் அவர்களோடு வந்த பெற்றோருக்கும், அடர் துகள் கற்றைகளைக் கொண்டு பொருளை அதீத நிலைக்குக் கொண்டுபோவது பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். பேச்சு முடிந்தபின் கேள்விகள் தொடங்கின. மலையிறங்கும் பஸ்ஸிலும் நிற்கவில்லை. அவற்றில் திரும்பத் திரும்ப வந்தவற்றையும் எனக்குப் பிடித்த சிலவற்றையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

துகள் கற்றை என்றால் என்ன?

மின்னூட்டம் கொண்ட அணுத்துகள்கள் ஏறக்குறைய ஒரே திசையில், ஒரே வேகத்தில் கூட்டமாகப் பாய்வதுதான் துகள் கற்றை. அவை புரோட்டான்களாக இருக்கலாம், எலக்ட்ரான்களாக இருக்கலாம், யுரேனியம் போன்ற கனமான அணுவிலிருந்து சில எலக்ட்ரான்களை உரித்தெடுத்த அயனிகளாகவும் இருக்கலாம். பழைய டிவி பெட்டியின் படக்குழாயில் ஓடியதும் எலக்ட்ரான் கற்றைதான். துகள்களின் எண்ணிக்கையையும் ஆற்றலையும் பல மடங்கு உயர்த்தி, நுண்ணிய நேரத்துக்குள் ஒரு புள்ளியில் கொண்டுவந்து கொட்டினால் அதை அடர் கற்றை என்கிறோம்.

"அதீத நிலை" என்கிறீர்களே, எவ்வளவு அதீதம்?

இயற்பியலாளர்கள் இதற்கு ஓர் எல்லைக்கோடு வைத்திருக்கிறார்கள். ஒரு கன மில்லிமீட்டர் பொருளுக்குள் சுமார் 100 ஜூல் ஆற்றல் இருக்க வேண்டும். பத்துக் கிலோ அரிசி மூட்டையைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் தூக்கத் தேவைப்படும் ஆற்றல் அது. அதைக் கடுகைவிடச் சிறிய இடத்தில் அடைத்தால் அங்கே உண்டாகும் அழுத்தம் நம் வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 10 லட்சம் மடங்கு.

நமக்கு அதீதமாகத் தெரிவது பிரபஞ்சத்தில் சாதாரணம். பூமியின் மையத்தில் சுமார் 36 லட்சம் வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. அங்கே வெப்பம் 5,000 டிகிரிக்கு மேல். வியாழன் கோளின் உட்பகுதியில் அழுத்தம் கோடிகளில் போகிறது. சூரியனின் மையத்தில் வெப்பநிலை 1.5 கோடி டிகிரி. நாம் தொட்டுப் பழகிய கல்லும் நீரும் காற்றும் பொருளின் மிகச் சிறிய ஒரு மூலை மட்டுமே. கோள்களிலும் விண்மீன்களிலும் இருக்கும் பொருளில் பெரும்பங்கு நசுங்கியும் கொதித்தும் கிடக்கிறது. அதைப் பற்றி நமக்குத் தெரிந்தது மிகக் கொஞ்சம். அந்த எண்ணமே என்னைத் தூங்கவிடாது.

ஏற்காட்டு மலைப்பாறையும் பூமிக்குள்ளிருந்து வந்ததுதானே? அதை ஆராய்ந்தால் போதாதா?

மிக நல்ல கேள்வி. கேட்டது பத்தாம் வகுப்பு மாணவி. சேர்வராயன் மலையின் கருமை கலந்த பாறை சார்னோகைட். பூமிக்கு அடியில் 20 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், 700 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில், சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவாகிப் பின்னர் மேலே வந்தது. கொல்கத்தாவிலுள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இதே வகைக் கல் இருந்ததால் அவர் பெயர் இதற்கு வந்தது. நம் ஊர்ப் பாறைக்குக் கொல்கத்தாக் கல்லறையிலிருந்து பெயர் போனதில் எனக்குச் சிறு வருத்தம் உண்டு.

ஆனால் அந்த ஆழத்தில் அழுத்தம் சில ஆயிரம் வளிமண்டலம்தான். பூமியின் மையம் 6,370 கிலோமீட்டர் கீழே இருக்கிறது. வீட்டு வாசற்படியில் நின்றுகொண்டு கொல்லைப்புறக் கிணற்றின் ஆழத்தைச் சொல்ல முயல்வது போன்றது இது. பாறை நமக்கு முதல் படியைக் காட்டும்; மற்றப் படிகளை நாமே ஆய்வகத்தில் உண்டாக்க வேண்டும்.

ஒரு பொருளைச் சூடாக்க அடுப்பு போதுமே. எதற்குக் கற்றை?

எல்லாக் கேள்விகளுக்கும் வேர் இதுதான்.

ஜவ்வரிசி வேகவைத்திருப்பீர்கள். சேலத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. வெந்நீரில் போட்ட சற்று நேரத்தில் மணியின் வெளிப்புறம் கண்ணாடி போல ஆகிவிடும். நடுவில் மட்டும் ஒரு வெள்ளைப் பொட்டு நிற்கும். வெப்பம் வெளியிலிருந்து உள்ளே நடந்து போக வேண்டும்; அதற்கு நேரம் ஆகும். சூளையில் வேகும் நம் ஊர் வெள்ளைக்கல்லுக்கும் (மேக்னசைட் தாது) இதே சங்கடம்தான். பெரிய கல்லை உடைத்துப் பார்த்தால் ஓரம் வெந்தும் நடு வேகாமலும் இருக்கும்.

இப்போது ஒரு துண்டு இரும்பை ஒரு லட்சம் டிகிரிக்குக் கொண்டுபோக நினையுங்கள். வெளியிலிருந்து சூடாக்கினால் உள்ளே வெப்பம் போய்ச் சேருமுன் வெளிப்புறம் ஆவியாகிப் பறந்துவிடும். ஒரே துண்டுக்குள் ஓர் இடத்தில் ஆவி, ஓர் இடத்தில் குழம்பு, ஓர் இடத்தில் திடம் என்று கலந்து கிடந்தால் எதை அளப்பது?

வேகமான அயனி வேறு விதமாக நடந்துகொள்கிறது. அது பொருளின் மேற்பரப்பில் நின்றுவிடாது. உள்ளே புகுந்து, வழியில் உள்ள எலக்ட்ரான்களை உலுக்கிக்கொண்டே, தன் ஆற்றலைப் பாதை நெடுகக் கொடுத்துக்கொண்டே போகும். ஜவ்வரிசியின் நடுப்பொட்டும் ஓரமும் ஒரே நொடியில் வெந்துவிடும். நெருப்பைப் பொருளுக்கு வெளியே மூட்டாமல் உள்ளேயே வைப்பதுதான் கற்றையின் வேலை.

அயனி ஆற்றலைப் பாதை முழுவதும் ஒரே அளவில் கொடுக்குமா?

இல்லை. 1900-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் வில்லியம் ஹென்றி பிராக் ரேடியத்திலிருந்து வரும் ஆல்ஃபா துகள்களை அளந்தபோது ஒரு விந்தையைக் கண்டார். துகள் வேகமாகப் போகும்போது குறைவாகவே ஆற்றலைக் கொடுக்கிறது. வேகம் குறையக் குறையக் கூடுதலாகக் கொடுக்கிறது. நின்றுபோவதற்குச் சற்று முன் அள்ளிக் கொட்டிவிடுகிறது. வரைபடத்தில் இது ஒரு கூர்மையான உச்சியாகத் தெரியும். பெயர் பிராக் முகடு.

காரணம் எளிது. மெதுவாகப் போகும் அயனி ஒவ்வோர் எலக்ட்ரானின் பக்கத்திலும் அதிக நேரம் இருக்கிறது, அதனால் அதை அதிகமாக இழுக்கிறது. அயனியின் மின்னூட்டம் இரு மடங்கானால் இழுப்பின் விளைவு நான்கு மடங்காகும். யுரேனியம் போன்ற கனமான அயனியை ஆய்வாளர்கள் விரும்புவதற்கு இதுவே காரணம்.

பொருளைச் சீராகச் சூடாக்க வேண்டுமானால் துண்டை மெல்லியதாக வைத்து, முகடு அதற்கு அப்பால் விழும்படி பார்த்துக்கொள்வார்கள். அப்போது துண்டுக்குள் கொடுக்கப்படும் ஆற்றல் ஏறக்குறைய சமமாக இருக்கும். அதே முகட்டை உடலுக்குள் கட்டி இருக்கும் ஆழத்தில் விழச் செய்வதுதான் புரோட்டான் புற்றுநோய்ச் சிகிச்சை. 2019 முதல் சென்னையிலேயே அது கிடைக்கிறது.

இதெல்லாம் எங்கே நடக்கிறது?

ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் நகரிலுள்ள ஜி.எஸ்.ஐ. ஆய்வகம் இதில் முக்கியமான இடம். அங்கே 216 மீட்டர் சுற்றளவுள்ள வளைய முடுக்கி ஒன்று இருக்கிறது. அதன் அருகே ஃபேர் என்ற பெரிய மையத்தின் கட்டுமானம் 2017-இல் தொடங்கியது. அதற்கான முடுக்கி வளையம் 1,100 மீட்டர் சுற்றளவு கொண்டது; நிலத்துக்கடியில் சுரங்கத்தில் அமைகிறது. 2010-இல் இதற்கான உடன்படிக்கையில் கையெழுத்திட்ட ஒன்பது நாடுகளில் இந்தியாவும் ஒன்று. நம் தரப்புப் பொறுப்பு கொல்கத்தாவின் போஸ் ஆய்வு நிறுவனத்திடம் இருக்கிறது.

அமெரிக்காவில் லாஸ் அலமாஸ் ஆய்வகம், ஜெனீவா அருகே செர்ன் என்ற ஐரோப்பியத் துகள் ஆய்வகம் ஆகியவற்றிலும் இதைச் சார்ந்த ஆய்வுகள் உண்டு.

வளையத்துக்குள் அயனியை எப்படிச் சுற்ற வைக்கிறார்கள்?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பஸ் எவ்வளவு வேகமாகப் போகிறதோ அவ்வளவு பலமாக அது வெளிப்பக்கம் தள்ளும். ஓட்டுநர் அதற்கேற்ப வேகத்தைக் குறைப்பார். அயனியிடம் வேகத்தைக் குறைக்கும் பேச்சே இல்லை. அதனால் வளைக்கும் விசையைக் கூட்ட வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் மின்புலம் அயனியை முன்னே தள்ளுகிறது. அதன் வேகம் உயர உயர, சுற்றிலும் உள்ள காந்தங்களின் பலமும் அதற்கு ஈடாக உயர்த்தப்படுகிறது. வேகமும் காந்தமும் கைகோத்து ஏற வேண்டும். சற்று பிசகினாலும் கற்றை சுவரில் மோதிவிடும்.

யுரேனியம் அணுவில் 92 எலக்ட்ரான்கள். ஃபேரின் பெரிய வளையத்துக்கு அவற்றில் 28-ஐ மட்டும் உரித்த அயனிகளைத் தேர்ந்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் உரித்தால் முடுக்குவது எளிதாயிற்றே என்று தோன்றும். ஆனால் மின்னூட்டம் கூடினால் அயனிகள் ஒன்றையொன்று பலமாக விலக்கும், கூட்டம் சிதறிவிடும். குறைவாக உரித்தால் அதிக அயனிகளை நெருக்கி வைக்கலாம்.

கணக்கில் சொல்லுங்கள்: எவ்வளவு ஆற்றல்?

ஃபேரின் பெரிய வளையம் எட்ட வேண்டிய வடிவமைப்பு அளவை எடுத்துக்கொள்வோம். ஒரு துடிப்பில் 50,000 கோடி யுரேனிய அயனிகள். ஒவ்வோர் அயனியிலும் 238 நியூக்ளியான்கள், அதாவது அணுக்கருவிலுள்ள புரோட்டான்களும் நியூட்ரான்களும் சேர்ந்து. நியூக்ளியான் ஒன்றுக்கு 100 கோடி எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் மிகச் சிறிய அலகு) ஆற்றல் என்று வைத்தால் மொத்தம் சுமார் 19 கிலோ ஜூல் வருகிறது.

இதைக் கரும்பலகையில் எழுதியபோது மாணவர்கள் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. நியாயம்தான். 19 கிலோ ஜூலை ஒரு டம்ளர் ஏற்காட்டுக் காப்பியில், 200 மில்லியில், செலுத்தினால் அதன் வெப்பநிலை சுமார் 23 டிகிரிதான் உயரும். ஆறிப்போன காப்பி கொஞ்சம் சூடாகும், அவ்வளவே.

ஆனால் நேரத்தைப் பாருங்கள். இந்த ஆற்றல் முழுவதும் 100 நானோ வினாடிக்குள், அதாவது ஒரு வினாடியை ஒரு கோடியாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்குக்குள், வந்து இறங்குகிறது. அந்த நொடித்துகளில் அதன் திறன் சுமார் 1,90,000 மெகாவாட். நம் மேட்டூர் அனல் மின் நிலையத்தின் மொத்தத் திறன் 1,440 மெகாவாட். அதைப் போல 130 மடங்குக்கும் மேல்! இலக்கோ ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அகலம்.

இந்த 100 நானோ வினாடி தற்செயலாக வந்த எண் அன்று. திடப்பொருளில் ஒலி வினாடிக்குச் சுமார் 5 கிலோமீட்டர் போகும். அந்த நேரத்துக்குள் அது கடப்பது அரை மில்லிமீட்டர். பொருள் விரிந்து ஓட முயலும் வேகமும் இதை ஒட்டியதே. ஆக, துண்டு தப்பி ஓடத் தொடங்குமுன் கற்றை தன் வேலையை முடித்துவிட வேண்டும். அந்த வேகத்தில் கற்றையின் நீளம் சுமார் 26 மீட்டர். முன்னும் பின்னும் நிற்கும் இரண்டு பஸ்களின் நீளம்.

கற்றை பட்டபின் பொருள் என்ன ஆகிறது?

முதலில் அது திட அடர்த்தியிலேயே இருக்கும், ஆனால் பல்லாயிரம் டிகிரி வெப்பத்தில். இந்த இடைநிலைக்கு வெதுவெதுப்பான அடர் பொருள் என்று பெயர். பல்லாயிரம் டிகிரியை வெதுவெதுப்பு என்பது சூரியனோடு ஒப்பிட்டுத்தான்.

இங்கேதான் கோட்பாடு தடுமாறுகிறது. வெப்பம் ஏறினால் அணுக்கள் எலக்ட்ரான்களை இழக்கும் என்பதை 1920-இல் இந்திய இயற்பியலாளர் மேக்நாத் சாகா ஒரு சமன்பாட்டில் கொண்டுவந்தார். விண்மீன்களின் மெல்லிய மேலடுக்கு வாயுவுக்கு அது அற்புதமாகப் பொருந்துகிறது. அடர்த்தி மிகுந்த பொருளிலோ அணுக்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன. வெப்பம் இல்லாமலே நெருக்கத்தாலேயே எலக்ட்ரான்கள் கழன்றுவிடுகின்றன. மறுகோடியில் வெள்ளைக்குள்ளன், அதாவது எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன். அங்கே குளிர்ந்ததற்குச் சமமான எலக்ட்ரான் கூட்டம் குவாண்டம் விதியின் பலத்தாலேயே ஈர்ப்பைத் தாங்கி நிற்கிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர் 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது கணக்கிட்டது அந்தத் தாங்குதிறனின் எல்லையைத்தான். சாகாவின் வாயுவுக்கும் சந்திரசேகரின் விண்மீனுக்கும் நடுவே இருப்பதே வெதுவெதுப்பான அடர் பொருள். இரண்டு பக்கத்துக் கணக்கும் அங்கே முழுதாகச் செல்லாது. அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அளந்து என்ன பயன்? இரும்பைப் பற்றி இன்னும் என்ன தெரிய வேண்டும்?

எஃகு ஆலையில் வேலை பார்க்கும் ஒரு தந்தை கேட்டது. இரும்பு 1,538 டிகிரியில் உருகும் என்பது அவருக்குக் கைவந்த செய்தி. அதே இரும்பு 33 லட்சம் வளிமண்டல அழுத்தத்தில் எத்தனை டிகிரியில் உருகும்? பூமியின் திட உட்கரு முடிந்து திரவ வெளிக்கரு தொடங்கும் இடத்தின் அழுத்தம் அது, 5,150 கிலோமீட்டர் ஆழத்தில். வெவ்வேறு முறைகளில் கிடைத்த விடைகள் பல நூறு டிகிரி வேறுபடுகின்றன. அந்த எண் தெரிந்தால் புவிக்கருவின் வெப்பம் தெரியும். திரவ இரும்பு புரள்வதால்தான் பூமிக்குக் காந்தப்புலம் இருக்கிறது. காந்த ஊசி வடக்கே திரும்புவதும் சூரியத் துகள்களிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாதுகாப்பும் அந்தப் புரளலைச் சார்ந்தவை. பக்கத்துக் கஞ்சமலையின் இரும்புத்தாதுவைத் தெரிந்த சேலத்துக்கு இந்தக் கேள்வி அந்நியமாக இருக்கக்கூடாது.

வியாழன் கோளுக்குள் உலோக ஹைட்ரஜன் இருப்பதாகப் படித்தேன். உண்மையா?

அப்படித்தான் கருதப்படுகிறது. போதுமான அழுத்தத்தில் ஹைட்ரஜன் உலோகமாகும் என்று 1935-இல் விக்னர், ஹண்டிங்டன் என்ற இரு இயற்பியலாளர்கள் கணித்தார்கள். ஃபேரில் இதற்கு அழகான ஒரு திட்டம் இருக்கிறது. நடுவில் ஹைட்ரஜன், சுற்றிலும் கனமான உலோகம் கொண்ட சிறு உருளை. கற்றையைப் புள்ளியாகக் குவிக்காமல் வளையல் போல, நடு வெற்றிடமாக, ஆக்குகிறார்கள். கற்றை ஹைட்ரஜனைத் தொடாமல் சுற்றியுள்ள உலோகத்தை மட்டும் சூடாக்குகிறது. உலோகம் விரிந்து உள்நோக்கி நெரிக்கிறது. ஹைட்ரஜன் அதிகம் சூடாகாமலேயே நசுங்குகிறது. வியாழனின் உள்ளே இருக்கும் நிலைக்கு நெருக்கமானது அதுதான்.

லேசரால் இதைச் செய்ய முடியாதா?

முடியும், அழுத்தத்தின் உச்சத்தில் லேசர்தான் முன்னே நிற்கிறது. கலிஃபோர்னியாவின் லிவர்மோரில் 192 லேசர் கற்றைகள் 2022 டிசம்பர் 5 அன்று 2.05 மெகா ஜூல் ஆற்றலை இலக்குக்குக் கொடுத்து, அணுப்பிணைவில் 3.15 மெகா ஜூலைப் பெற்றன. ஆனால் லேசர் ஒளி திடப்பொருளின் மேற்பரப்பிலேயே நின்றுவிடுகிறது. உள்ளே போவது அது கிளப்பும் அதிர்ச்சி அலை. பெரிய துண்டு, சீரான வெப்பம், உள்ளே எவ்வளவு ஆற்றல் போனது என்ற துல்லியக் கணக்கு ஆகியவை வேண்டுமென்றால் என் தேர்வு அயனிக் கற்றை.

கண் இமைக்குமுன் முடிந்துவிடுவதை எப்படிப் பார்க்கிறார்கள்?

இன்னொரு கற்றையைக் கொண்டு. அடர்த்தியான உலோகத்தில் எக்ஸ்-கதிர் எளிதில் உறிஞ்சப்பட்டுவிடும். வேகமான புரோட்டான் ஊடுருவி வந்துவிடும், வழியில் சிறிது திசை மாறி. காந்த வில்லைகளால் அவற்றை மீண்டும் குவித்தால் நிழற்படம் கிடைக்கிறது. லாஸ் அலமாஸில் இதை வளர்த்தெடுத்தார்கள். டார்ம்ஸ்டாட்டிலும் இத்தகைய புரோட்டான் நுண்ணோக்கி இருக்கிறது. வெளிப்படும் ஒளியின் நிறத்திலிருந்து வெப்பநிலையைக் கணிக்கிறார்கள். விரியும் பரப்பில் பட்டுத் திரும்பும் லேசரின் அலைநீள மாற்றத்திலிருந்து வேகத்தை அறிகிறார்கள். ரயில் நெருங்கும்போது ஹாரன் ஒலி மாறிக் கேட்பது போல. ஒவ்வொரு முறையும் இலக்கு அழிந்துபோகும். அடுத்ததற்குப் புதிய துண்டு.

கற்றை தவறி வேறெங்காவது பட்டால்?

ஓர் அம்மா கவலையோடு கேட்டது. செர்ன் ஆய்வகத்துக்கும் இதே கவலை இருந்தது. அங்குள்ள பெரிய வளையத்தில் ஒரு புரோட்டான் கற்றையின் வடிவமைப்பு ஆற்றல் 362 மெகா ஜூல். மின்சாரக் கணக்கில் சொன்னால் 100 யூனிட். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நம் வீட்டு ரசீதில் 2016-இல் இலவசமாகக் கழியத் தொடங்கிய அதே 100 யூனிட். அது ஒரு வினாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குள் ஓரிடத்தில் பட்டால்?

புரோட்டான்கள் தனித்தனிக் கொத்துகளாக வருகின்றன. ஆடிப் பண்டிகையன்று கோட்டை மாரியம்மன் கோயில் கூட்டத்தில் முன்னே போகிறவர் விலக்கிய வழியில் பின்னே வருகிறவர் இன்னும் உள்ளே போய்விடுவார். முதல் கொத்துகள் செம்பைச் சூடாக்கி விலகச் செய்ய, நடுவில் அடர்த்தி குறைய, அடுத்த கொத்துகள் மேலும் ஆழமாகப் போகின்றன. 2012-இல் செர்னில் இதைச் சோதித்தார்கள். செம்பு உருளைகளைச் சிறு இடைவெளி விட்டு வரிசையாக அடுக்கி, 440 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் புரோட்டான்களைப் பாய்ச்சினார்கள். பிறகு திறந்து பார்த்தபோது உருகித் தெறித்து உறைந்த செம்பு இடைவெளிகளில் ஒட்டியிருந்தது. எந்த உருளை வரை அந்தத் தெறிப்பு இருந்ததோ அதுவே கற்றை துளைத்த ஆழத்துக்குச் சாட்சி. முன்பே செய்த கணக்கோடு அது ஒத்துப்போனது. அதனால்தான் கற்றையை அணைக்கும் இடத்தில் அதை ஓரிடத்தில் விழவிடாமல் கோலம் போடுவது போலப் பரப்பி விழச் செய்கிறார்கள். வளையத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குப் பல மீட்டர் கான்கிரீட்டும் மண்ணும் காப்பு.

சேலத்திலிருந்து இந்தத் துறைக்குப் போக முடியுமா?

முடியும். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும், பிறகு பி.எஸ்சி., எம்.எஸ்சி. இயற்பியல், ஜெஸ்ட் போன்ற நுழைவுத் தேர்வுகளின் வழியே ஆய்வு நிறுவனங்கள். முடுக்கிகளைக் கையால் தொட்டுப் பழக டெல்லியின் பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையம், கொல்கத்தாவின் மாறும் ஆற்றல் சைக்ளோட்ரான் மையம், இந்தூரின் ராஜா ராமண்ணா மையம் ஆகியவை உள்ளன. அதீத அழுத்தத்தை இரண்டு வைர முனைகளுக்கிடையே உண்டாக்கும் ஆய்வு கல்பாக்கத்தில் நடக்கிறது. நமக்கு அதுவே பக்கம். இயற்பியல்தான் வேண்டும் என்றில்லை. வெற்றிட பம்பு, மின்காந்தம், உயர் மின்னழுத்தம் தெரிந்த பொறியாளர்களும் ஐ.டி.ஐ. படித்தவர்களும் இல்லாமல் எந்த முடுக்கியும் ஓடாது.

இதோடு தொடர்புள்ள எதையாவது நம் ஊரில் கண்ணால் பார்க்க முடியுமா?

மேக்னசைட் ஜங்ஷன் பக்கம் ரயிலில் போகும்போது ஜன்னலோரம் உட்காருங்கள். பழுப்பு நிறப் பாறையில் வெள்ளைக் கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடும் மேடுகள் தெரியும். வெள்ளைக் கோடு மேக்னசைட். அது ஊடுருவியிருக்கும் பாறை டூனைட். வானிலை படாத பகுதியை உடைத்தால் உள்ளே பச்சை. பூமியின் கவசத்தின், அதாவது மேலோட்டுக்கும் கருவுக்கும் இடைப்பட்ட பாறை அடுக்கின், மேற்பகுதி பெரும்பாலும் எதனால் ஆனதோ அந்த ஆலிவின் கனிமம்தான் அதில் நிறைந்திருக்கிறது. வெள்ளைக்கல்லைச் சூளையிலிட்டால் கரியமில வாயு போய் மக்னீசியம் ஆக்சைடு மிஞ்சும். உருக்கு உலைகளின் உட்சுவருக்கு அதில்தான் செங்கல் செய்கிறார்கள், 2,800 டிகிரி வரை உருகாது என்பதால். அதே மக்னீசியம் ஆக்சைடு இரும்போடு கலந்து பூமியின் ஆழக் கவசத்திலும் இருக்கிறது. பூமியைவிடப் பெரிய பாறைக் கோள்களின் உள்ளே, சுமார் 50 லட்சம் வளிமண்டல அழுத்தத்தை நெருங்கும்போது, அதன் படிக அமைப்பே மாறிவிடுகிறது. பள்ளங்களுக்குள் இறங்க வேண்டாம், விளிம்புகள் சரியக்கூடியவை. ரயில் ஜன்னலிலிருந்தே நன்றாகத் தெரியும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் அந்த வெள்ளைக் கோடுகள் இன்னும் தெளிவாக இருக்கும்.